அமைச்சர் வீட்டுத் தனிக்கம்பி

ஒரே தெரு, ஒரே மின்கம்பம். எதிர் வரிசையில் மின்விசிறி சுற்றுகிறது, இந்த வரிசையில் நின்றுவிட்டது. தையல்காரம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

உள்ளே கணவரின் மூச்சுக்கருவி ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கருவி அது. கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பெட்டி. ஒவ்வொரு தடவையும் பெட்டியை ஒரு கையிலும் கணவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

ஒருநாள் ஏணியில் நின்ற லைன்மேனைப் பிடித்தாள்.

"தம்பி, எங்க பக்கம் மட்டும் என்ன கோளாறு?"

"கோளாறே இல்லக்கா. ஊருக்கு வர்ற கரண்ட் பத்தாது. அதனால கம்பிகளை ஒண்ணு மாத்தி ஒண்ணு நிறுத்தணும். எதிர் வரிசைக் கம்பியில அமைச்சர் வீடு இருக்கு, அதைத் தொட மாட்டோம். அவங்க பங்கையும் சேர்த்து உங்க தலையில கட்டுறோம்."

"இது சட்டப்படி சரியா?"

"ஆபீஸ்ல கேளுங்க. ஏணியை ஆட்டாதீங்க."

ஆபீஸில் கேட்டாள். புகார் என்று வந்தால் சோதிக்க வேண்டுமாம். சோதனைக்காக அவள் வீட்டு இணைப்பை இரண்டு நாள் துண்டித்தார்கள்.

"இருந்ததும் போச்சு," என்றார் கணவர்.

"நீங்க மூச்சைச் செலவு பண்ணாதீங்க. பேச நான் இருக்கேன்."

நீதிமன்றத்துக்குப் போனாள். இரண்டு வரிசையையும் சமமாக நடத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆபீஸ் அதை மறுநாளே நிறைவேற்றியது. அமைச்சர் வீட்டுக்கு மட்டும் தனிக்கம்பி இழுத்துவிட்டு, எதிர் வரிசையையும் நிறுத்தியது.

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள்.

"இத்தனை நாள் பெட்டியைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தீங்க. உங்க நியாயத்தைத் தூக்கிட்டு இப்ப எங்க போவீங்க?"



அந்த மாதமே அமைச்சரின் பழைய ஊழல் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஏழு வருடம் சிறை, உள்ளூர்ச் சிறையிலேயே. அவரை ஏற்றிய போலீஸ் வண்டி கிளம்பியதைத் தையல்காரம்மா கண்ணால் பார்த்தாள்.

"பாத்தீங்களா, சட்டம்னு ஒண்ணு இருக்கு," என்றாள். கணவர் கைதட்டினார். அதிலேயே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மறுநாள் காலை லைன்மேன் அந்தத் தனிக்கம்பியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் ஓடினாள்.

"அவர்தான் உள்ள போயிட்டாரே. இனி எங்களுக்கு ஒழுங்கா வரும்ல?"

"கரண்ட் இன்னும் அதிகமாத்தான் போகும்க்கா. இந்தத் தெருவுல இப்ப யாருமே இல்லையே."

"நாங்க இருக்கோமே."

அவன் கீழே இறங்கினான். வாசற்படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அவள் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"ஜெயிலுக்கும் அதுக்குப் பின்னாடி தெருவுக்கும் ஒரே கம்பிதான். அங்க ஒரு வீடு வாடகைக்குப் பாருங்கக்கா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அங்க கரண்ட் போகவே இல்ல."