ஒரு கையால் திறக்கும் கதவு

கதவு நெஞ்சளவு உயரத்துக்கு வந்து, அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. தோமஸ் அதன் அடி விளிம்பை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். விட்டால் கதவு விழும். விடாவிட்டால் அவர் விழுவார். கதவுக்கு உள்ளே ஓட்டோ. ஓட்டோவுக்குள், கிளினிக் போவதற்காகப் புதுச்சீலை உடுத்துக்கொண்டு அவருடைய மனைவி சுசிலா.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குள்ளை போவமோ?" என்று உள்ளேயிருந்து கேட்டார் சுசிலா.

"கதவைக் கேள்," என்றார் தோமஸ்.

அது பக்கவாட்டில் திறக்கிற சாதாரணக் கதவு அல்ல. கராஜ் வாசல் முழுவதையும் மூடிய ஒற்றைத் தகரக் கதவு. அடியைப் பிடித்துத் தூக்கினால் அப்படியே மேலெழும்பி, கூரைக்குக் கீழே படுத்துக்கொள்ளும். அதன் பாரம் முழுவதையும் மனிதன் தூக்கத் தேவையில்லை. கதவின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் கேபிள் மேலே போய், கூரை வளைமரத்தில் பூட்டிய கப்பிகளில் ஏறி, உள்பக்கத்தில் பக்கத்துக்கொரு பெயின்ற் வாளியைத் தொங்கவிட்டிருந்தது. வாளிக்குள் கல். கதவு மேலே போக வாளி கீழே வரும். கதவு கீழே வர வாளி மேலே போகும். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நடக்கிற நல்ல குடும்பம் மாதிரி.

அந்த ஒற்றுமையைக் கெடுத்தது முல்லைத்தீவு உப்புக்காற்று. ஒரு பக்கத்துக் கேபிள் துருப்பிடித்து அறுந்துபோனது. தோமஸ் கலங்கவில்லை. வாழ்நாளெல்லாம் கடலில் கிடந்தவர். வலைக்கயிற்றை எடுத்து, அறுந்த இடத்தில் சேர்த்து, ஒரு முடிச்சுப் போட்டார். அவர் போட்ட முடிச்சு கடலில் ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. இங்கேயும் அவிழவில்லை. நேரே கப்பிக்குள் போய் இறுகிக்கொண்டது.

முடிச்சு வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று, கதவுக்கு ஒரு தடியை முண்டுகொடுத்துவிட்டு, கதிரையில் ஏறி எஞ்சின் ஒயிலை ஊற்றினார். முடிச்சு அசையவில்லை. மற்றப் பக்கத்துக் கேபிள்தான் வழுக்கிக் கப்பியை விட்டு வெளியே வந்தது. கதவு ஒரு பக்கம் சரிந்து, கள்ளுக் குடித்தவனைப்போலச் சாய்ந்து நின்றது.

அடுத்த வீட்டு ஸ்ரனிஸ்லஸ், தோமஸோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர், சத்தம் கேட்டு அலவாங்கோடு ஓடிவந்தார். சாய்ந்த பக்கத்தை நிமிர்த்துகிறேன் என்று அவர் ஒரு நெம்பு நெம்ப, நிமிர்ந்திருந்த பக்கமும் சாய்ந்தது. இப்போது கதவு மேலேயும் போகாது, கீழேயும் வராது. சுசிலா அதற்குக் கீழே தவழ்ந்துதான் வெளியே வந்தார். புதுச்சீலை ஒயில் முழுவதையும் துடைத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து மகன் டிலக்ஸனிடமிருந்து போன் வந்தது. சுசிலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அறுந்த கேபிளில் தொடங்கிச் சீலை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டிலக்ஸன் கிளிநொச்சியில் கணக்கு வாத்தியார். பரீட்சை மண்டபத்தில் பிள்ளை தும்மினாலும் பக்கத்தில் போய் நின்று பார்ப்பவன். அரைப் புள்ளி கேட்டுத் தாய் தகப்பன் அழுதுகொண்டு வந்தாலும் கொடுக்கமாட்டான். அவன் நெடுநாளாகவே சொல்லிக்கொண்டிருந்தான், இரண்டுபேரும் தனியே இருந்து கஷ்டப்படவேண்டாம், தன்னோடு வந்து இருங்கள் என்று. தோமஸின் வலது தோள் போன வருடம் இடறி விழுந்ததிலிருந்து சரியில்லை. இன்றைக்கு அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை வருவன். அந்தக் கதவை ஒரு கையாலை திறந்து, ஒரு கையாலை மூடிக் காட்டுங்கோ. காட்டினால் இந்தக் கதையை இனி எடுக்கமாட்டன். ஏலாட்டி அண்டைக்கே ரெண்டுபேரும் என்னோடை வெளிக்கிடோணும்."

"சரி," என்றார் தோமஸ். சொன்ன பிறகுதான் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

இந்தக் காணியை ஒருமுறை விட்டுவிட்டு ஓடியவர் அவர். திரும்பி வந்த அன்று, கூரையில்லாத வீட்டு வாசலில் முழங்காற்படியிட்டு, இனி என்னை இங்கேயிருந்து எழுப்பாதையும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டவர். கிளிநொச்சியில் மகன் வீடு நல்ல வீடுதான். மருமகள் பிரியந்தினி தங்கமான பிள்ளைதான். ஆனால் அங்கே காலையில் எழும்பினால் கடல் கேட்காது. ஐஸில் கிடந்த மீனைக் காசு கொடுத்து வாங்கித் தின்னவேண்டும். ஒரு தகரக் கதவுக்காகக் கடலை விட்டுப் போவதா?

அடுத்த பஸ்ஸில் பக்கத்து ஊரான தண்ணீரூற்றுக்குப் போய், கச்சு முகம்மதுவின் ஹாட்வெயார் கடையில் ஏறி விஷயத்தைச் சொன்னார். தோமஸ் அவரை நானா என்பார். அவர் தோமஸை அண்ணை என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. கச்சு முகம்மதுவும் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு பெட்டி ஆணியோடு கடையைத் தொடங்கியவர். ஊரை விட்டுப் போகச் சொல்வது என்ன என்று அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சனிக்கிழமை காலையிலேயே புதுக் கேபிளும் கப்பிகளுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தோமஸின் முடிச்சை இரும்பறுக்கும் வாளால் அறுத்து எறிந்தார். கேபிளைப் பூட்டி, வாளிகளுக்குள் கல்லை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் கதவு விட்ட இடத்தில் நிற்கத் தொடங்கியது. இடுப்பளவில் விட்டால் இடுப்பளவில் நின்றது. தலையளவில் விட்டால் தலையளவில் நின்றது.

"இதிலை இனி ஒரு கல்லும் போடக்கூடாது அண்ணை," என்றார். "பாரம் கூடினால் கதவு உங்கட சொல்லுக் கேளாது."

தோமஸ் இடது கையால் திறந்து காட்டினார். திறந்தது. ஆனால் நாட்பட்ட இரும்பு முனகியது. அதைவிடக் கூடத் தோமஸ் முனகினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பாதி வழியில் ஒருதரம் கண்ணை மூடி யாரையோ மன்றாடினார். ஸ்ரனிஸ்லஸ் நிலத்தைப் பார்த்தார். சுசிலா குசினிக்குள் போய்விட்டார். கச்சு முகம்மது, மத்தியானம் வந்து ஒருக்கால் ஆணிகளை இறுக்கிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் அவர் வந்து இறுக்கிவிட்டுப் போன பிறகு, தோமஸ் பயிற்சிக்கென்று கதவைத் தூக்கினார். என்ன அதிசயம், காலையில் இருந்த பாரம் இல்லை. தோளைத் தடவிப் பார்த்தார். புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்திருந்தார். இவ்வளவு கெதியாக வேலை செய்வார் என்று நினைக்கவில்லை.

பின்னேரம் ஸ்ரனிஸ்லஸ் ஒரு கயிறு எடுக்க வந்து, கராஜுக்குள் நெடுநேரம் தேடி, கயிறு இல்லாமலே போனார். அதற்குப் பிறகு தோமஸ் கதவைத் தொட்டபோது அது இரண்டு விரலுக்கு எழும்பியது. தோமஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மெழுகுதிரியைப் பெட்டியாக உயர்த்தினார். குசினி வாசலில் போய் நின்று கையை மடக்கி, இளந்தாரிப் பெலன் திரும்பிவிட்டது என்றும், இரண்டே இரண்டு விரலால் திறந்ததாகவும் சொன்னார்.

சுசிலா தலையாட்டினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, தோமஸ் பிடித்ததாகச் சொல்லும் மீனின் நீளத்தில் பாதியைக் கழித்துத்தான் நம்புவது அவர் வழக்கம். முகம் சிவந்ததைக் காலையில் கண்ணால் கண்டவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட்டு, வாசற் படலை வரைக்கும் வந்த பிறகு, செபமாலையை மறந்துவிட்டேன் என்று சுசிலா திரும்பிப் போனார். வர நேரமாயிற்று. தோமஸ் குறை சொல்லவில்லை. இன்றைக்குச் செபமாலை தேவைதான்.

பூசை முடிந்து வந்தபோது முற்றத்தில் டிலக்ஸனின் கார் நின்றது. இப்போதுதான் வந்தோம் என்றான் அவன். பிரியந்தினி கேக் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னவோ சொல்ல வந்தவள்போல் நின்று, சொல்லாமல் விட்டாள். ஸ்ரனிஸ்லஸும் கூடவே வந்திருந்தார். கச்சு முகம்மதுவும் கடையைச் சாத்திவிட்டு வந்து வேலியோரம் நின்றார்.

"ஒரு கை, அப்பா," என்றான் டிலக்ஸன், பரீட்சை மணி அடித்தவனைப்போல.

தோமஸ் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சிலுவை அடையாளம் போடுவதற்காக அதை ஒருதரம் எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டார். குனிந்து, கதவை நிலத்தோடு பூட்டியிருந்த அடிக் கொண்டியை இழுத்தார்.

கைபிடியைப் பிடிக்கவே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கதவு வெடிபோல் மேலே போனது. போகிற வழியில் கைபிடி அவருடைய வேட்டி மடிப்பில் கொளுவி, வேட்டியையும் கூட்டிக்கொண்டு போனது. உள்ளே இரண்டு வாளிகளும் நிலத்தில் இடித்தன. கோழிகள் அடுத்த வளவுக்குப் பறந்தன. பூசை வேட்டி கூரைக்குக் கீழே கொடிபோல் ஆடிக்கொண்டிருக்க, தோமஸ் முற்றத்தில் கட்டைக் காற்சட்டையோடு நின்றார். கடலில் பழகிய ஆட்கள் வேட்டிக்குக் கீழே அதைப் போடாமல் இருப்பதில்லை. அதுவும் ஆண்டவருடைய இரக்கம்தான். பிரியந்தினி கேக் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"திறந்திட்டன்," என்றார் தோமஸ், மேலே ஆடிய வேட்டியைப் பார்த்தபடி.

"மூடவும் வேணும், அப்பா."

தோமஸ் எம்பிக் கைபிடியைப் பிடித்தார். கதவு இறங்கவில்லை. அவர்தான் தொங்கினார். கச்சு முகம்மதுவுக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து தோமஸின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தானும் தொங்கினார். அண்ணை கையை விட்டிடாதைங்கோ என்று அவர் கெஞ்ச, நானா நீங்கள் என்னை விடுங்கோ என்று இவர் கெஞ்ச, இரண்டுபேருடைய பாரத்துக்கும் கதவு தலையளவுக்கு இறங்கி, மனம் மாறி மறுபடி மேலே போய், திரும்பவும் இறங்கியது. ஸ்ரனிஸ்லஸ் இருவரையும் சேர்த்துப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார்.

உள்ளே இரண்டு வாளிகளின் பிடிகளும் ஒன்றாக முறிந்தன. மூன்றுபேரும் மணலில் விழுந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கதவு தடாரென்று விழுந்து மூடிக்கொண்டது.

"மூடியாச்சு," என்றார் தோமஸ், மணலில் இருந்தபடியே.

டிலக்ஸன் பக்கக் கதவால் உள்ளே போனான். மற்றவர்களும் பின்னால் போனார்கள். உடைந்த வாளிகளிலிருந்து எல்லாம் நிலத்தில் சிந்திக் கிடந்தன. முதலில் கச்சு முகம்மது போட்ட கற்கள். அவற்றுக்குமேல், ஹாட்வெயார் கடையில் மட்டும் கிடைக்கும் பெரிய இரும்பு நட்டுகள். கச்சு முகம்மது தாடியைத் தடவினார். மத்தியானம் போட்டது உண்மைதான் என்றார். அண்ணையின் முகத்தைப் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லையாம். நட்டுகளுக்குப் பக்கத்தில் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் குவியலாகக் கிடந்தன. தேடிவந்த கயிற்றின் கதையை ஸ்ரனிஸ்லஸ் ஒப்புக்கொண்டார். அதற்கப்பால் அம்மிக்குழவியும் ஆட்டுக்கல் குழவியும்.

"கதிரையிலை ஏறினனியோ?" என்று சுசிலாவிடம் பதறிப்போய்க் கேட்டார் தோமஸ்.

"பிடிச்சுக்கொண்டுதான் ஏறினனான்," என்றார் சுசிலா. "நீங்கள் ரெண்டு விரல் எண்டு சொன்னியள். நான் நம்பேல்லை."

தோமஸ் தன் தோளைப் பார்த்தார். அந்தோனியாரை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு மூன்றுபேரையும் ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தார். வந்தது வேறொன்று. அதை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

டிலக்ஸன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பரீட்சையில் இதற்கு என்ன பெயர் தெரியுமா என்று கேட்டான். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து இப்படிச் செய்தால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்றான். நேர்மையைப் பற்றிச் சுருக்கமாகவும், பிறகு விரிவாகவும் பேசினான். யாரும் தலை நிமிரவில்லை.

"நீ சொல்லுறது சரி மகன்," என்றார் தோமஸ் கடைசியில். "எனக்கு ஏலாமல் போச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான். சுசிலா, உடுப்புகளை எடுத்து வை."

சுசிலா அசையவில்லை. வெளியே கடல் கேட்டுக்கொண்டிருந்தது. குழவியைப் பொறுக்கிக் கொடுக்கக் குனிந்த ஸ்ரனிஸ்லஸ், கவிழ்ந்த வாளிக்குக் கீழேயிருந்து இன்னும் இரண்டு சாமான்களை இழுத்து எடுத்தார். உடம்பைப் பெலப்படுத்தத் தூக்கிப் பழகுகிற டம்பெல்கள். கறுப்பு இரும்பு, ஒருநாளும் கைபடாத மினுக்கம், பிடியில் விலைத்துண்டுகூடக் கழற்றவில்லை.

"இது ஆருடையது?" என்று கேட்டார்.

கச்சு முகம்மது தன்னுடையது இல்லையென்று தலையாட்டினார். சுசிலா அதை என்னவென்றே அறியவில்லை. டிலக்ஸன் மட்டும், மிகவும் கவனமாக, வளையில் இருந்த கப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

பிரியந்தினி கேக் பெட்டியை ஓட்டோ சீற்றில் வைத்தாள்.

"மாமா, இண்டைக்குக் காலமை வரைக்கும் அது ரெண்டும் எங்கட கட்டிலுக்குக் கீழைதான் கிடந்தது."