பர்சென்ட் சார் எண்ணிய குடும்பங்கள்

எண்ணுகிறவர்கள் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். துக்க வீட்டுக்குப் போனால் வாசலில் நிற்கும் கார்களை எண்ணுவார். யாராவது அழுதால் எத்தனை நிமிடம் அழுதார்கள் என்று துல்லியமாகச் சொல்வார். ஏன் அழுதார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தெரியாது. கேலி செய்வதாக நினைக்க வேண்டாம், நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் எங்களுக்கெல்லாம் தலைவர், குடும்ப நீதிமன்றத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டும் ஒரு குமாஸ்தா. ஆபீசில் அவருக்குப் பெயர் பர்சென்ட் சார்.

மாதக் கடைசியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வந்த வழக்கு, முடிந்த வழக்கு, நிலுவை என்று மூன்று கட்டம். மனம் மாறி ஒரே ஸ்கூட்டரில் ஏறிப் போன ஜோடியும், கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு படிக்கட்டில் அழுதுகொண்டே இறங்கிய ஜோடியும், அலுத்துப்போய் வராமலே நின்றுவிட்ட ஜோடியும் அவருக்கு ஒன்றுதான். முடிந்ததா? முடிந்தது. மொத்தம் மூன்று. நிலுவை என்றால்தான் வேப்பங்காயாகக் கசக்கும்.

கல்யாண வீட்டில் அவரைக் கண்டால் பெண்ணைப் பெற்றவர்கள் ஓடிவந்து வழி மறிப்பார்கள். மறித்து என்ன? புதுமாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "மொத மூணு வருஷம் உஷாரா இருங்க தம்பி. எங்ககிட்ட வர்றதுல பாதி அந்தக் கேஸ்தான்" என்று வாழ்த்திவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

வீட்டில்? கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒருநாள், "நீங்க எங்கிட்ட முகம் குடுத்துப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று கேட்டார். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் பதில் தெரிந்த கேள்வி!

"ஒம்பது நாள். நம்ம வயசுக்காரங்களுக்கு இது கம்மிதான்" என்றார்.

மறுநாளே அந்த அம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பத்து நாளாகியும் வரவில்லை. 'போன தடவை பன்னிரண்டு நாள் இருந்தாள், இன்னும் ரெண்டு நாள் பாக்கி' என்று நம் ஆள் நிம்மதியாகத் தானே காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள், நீதிமன்றத்தில் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசும் ஆலோசகர் அம்மாள் ஒரு மனுவோடு அவர் மேஜைக்கு வந்தார்.

"சார், இதைப் பாத்தீங்களா?"

"பாக்காம என்ன? நேத்தே எண்ணிட்டேன். விவாகரத்து, மனைவி தரப்பு. இதர காரணங்கள்ல சேத்துட்டேன்."

"பேரைப் படிச்சீங்களா?"

"பேரு எதுக்கு மேடம்? நம்ம படிவத்துல அதுக்குக் கட்டமே கிடையாதே."

ஆலோசகர் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். கணவர் பெயர் என்ற இடத்தில் நம் ஆளின் பெயர். காரணம் என்ற இடத்தில், வீட்டு மளிகைச் சீட்டுகளில் பார்த்த அதே குண்டுக் கையெழுத்து: 'நான் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.'

அடப் பாவமே, இடிந்துபோய்விட்டார். செருப்பை மாட்டக்கூட மறந்து ஆலோசனை அறைக்கு ஓடினார். மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார்.

பழக்க தோஷம், "இந்த மாதிரி கேஸ்ல நூத்துக்கு..." என்று ஆரம்பித்தார். ஆலோசகர் முறைத்தார். நம் ஆள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. நீயே சொல்லு" என்றார் பிறகு.

சொன்னார். கூட வாழ்ந்த பதினெட்டு வருஷத்தையும் மனைவி சொன்னார். நம் ஆள் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன், அடுத்த மாசம் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்து போனார். அந்த மாதக் கடைசியில் நிலுவைக் கட்டத்தில் அந்த ஒன்றைச் சேர்க்கும்போது, நல்லவேளை முடிந்துவிடவில்லையே, இன்னும் முடிந்துவிடவில்லையே என்று குமாஸ்தா மேஜையில் கவிழ்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் உங்களிடம் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம். எத்தனை தடவை சொன்னார்கள் என்பதுதான் ஞாபகம் வருகிறதா? அப்படியானால் வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து என் மனைவி என்னை நான்கு தடவை கூப்பிட்டாள். சரியாக நான்கு, எண்ணிக்கையில் தப்பே இல்லை. அரை மணி நேரமாகக் கூப்பிடவில்லை.