ஒரு மெயிலும் வராத வாரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்காவது அமைதி நிலவினால், அதற்கு நான்தான் காரணம் என்று நம்பிவிடுவேன்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே சர்வர்களைக் கவனிப்பது என் வேலை. சேர்ந்த புதிது, இன்னும் நிரந்தரமாகவில்லை. சர்வரில் இடம் நிரம்பினாலும் பேக்கப் நின்றாலும் அதுவே மெயில் போட்டுவிடும். உடனே என் போன் 'டிங்' என்னும். சாப்பிடும்போது டிங், குளிக்கும்போது டிங். (என் மனைவி சுதா அந்த போனுக்கு 'மூத்தவ' என்று பேர் வைத்திருந்தாள்.)

ஒரு வெள்ளிக்கிழமை, அந்த மெயில்களை அனுப்பும் சாஃப்ட்வேரைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். அத்தோடு டிங் நின்றது.

அடடா, அந்த வாரம்! திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் ஜன்னலோரக் காற்று. ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் பறந்து போவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மதியம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தூங்குமூஞ்சி மரத்துப் பூ சட்டைமேல் உதிரும். எஸ்டேட்டின் லேத் சத்தம்கூடத் தாலாட்டாகக் கேட்டது. என் கைபட்டு சர்வர்களெல்லாம் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட் பாஷா ஆவடிக்காரன். "இன்னா மாமே, ஒரு மெயிலும் காணோம்?" என்றான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மெயில் எதற்கு வரவேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, சர்வர் இடம் நிரம்பி நின்றுவிட்டது. எங்கள் சர்வரை நம்பியிருந்த உதிரிபாகக் கம்பெனியில் கேட் பாஸ் அடிக்க முடியாமல் லாரிகள் வரிசைகட்டின. தோண்டிப் பார்த்தால், மெயில் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பழைய அமைப்புகளை நான் போட்ட புதுப் பதிப்பு அழித்துவிட்டிருந்தது. எச்சரிக்கை மெயில்கள் அத்தனையும் சர்வருக்குள்ளேயே தேங்கிக் கிடந்தன.

மேனேஜர் வசந்தா மேடம் திட்டவில்லை. கோயம்புத்தூர், ஓசூர் கிளைகளும் அன்று சாயந்திரம் இதே பதிப்புக்கு மாறப்போகின்றன. அதற்குள் நடந்ததை எழுதி எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றார். "இதையாவது ஒழுங்கா செய்ங்க. அப்புறம்தான் உங்க கன்ஃபர்மேஷன்."

இடத்தைக் காலிசெய்து சர்வரை ஓடவிட்டேன். மெயில் ரிப்பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் எழுத உட்கார்ந்தேன். (எனக்குள்ளிருந்த எழுத்தாளன் முழித்துக்கொண்டுவிட்டான், என்ன செய்ய?) தலைப்பு, உபதலைப்பு, படம் எல்லாம் போட்டேன். அதை அதே சர்வரில் ஏற்றி, 'எல்லோருக்கும் தெரிவி' என்ற பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். பதில் ஒன்றும் வரவில்லை. என் நடையழகில் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சாயந்திரம் கோயம்புத்தூர் மௌனமானது. பிறகு ஓசூர்.

மேடம் வந்து நின்று, டாக்குமெண்ட் எங்கே என்றார். மதியமே அனுப்பிவிட்டேன் என்றேன். எப்படி அனுப்பினீர்கள் என்றார். நான் திரையில் அந்தப் பட்டனைக் காட்டினேன்.

பாஷாதான் மெதுவாகச் சொன்னான்: "எந்த மெயில் போவலன்னு எழுதினானோ, அந்த மெயில்லயே போட்டுகீறான் மேடம்."

கன்ஃபர்மேஷன் தள்ளிப்போனது. கதை வீடு வந்து சேர்ந்தது. இப்போதும் எங்கள் மகள் அடுத்த அறையில் சத்தமில்லாமல் இருந்தால், சுதா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ஏங்க, மெயில் ஒண்ணும் வரலை. என்னன்னு பாருங்க."

நான் கண்ணை மூடி, அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் அனுபவித்துவிட்டுத்தான் எழுவேன். அதற்குள் சுவரில் பாதி உயரத்துக்கு லிப்ஸ்டிக் ஏறியிருக்கும்.