ஐந்தாம் கரை கஞ்சி குடிக்கவில்லை

ஏழ்கரை என்றொரு நாடு இருந்தது. கடலில் சிதறிக் கிடந்த ஏழு தீவுகள். ஒவ்வொன்றையும் ஒரு கரை என்பார்கள். ஊருக்கு ஊர் ஒரு விளக்குக் கோயில், அதற்கு ஒரு விளக்காளர். கரைக்கு ஒரு பெரிய விளக்காளர். எல்லாருக்கும் மேலே, முதல் கரையில், தலைமை விளக்காளர்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரைப் பெரியவர்கள் ஏழு பேரும் அங்கே சபை கூடிப் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் ஒரே பானைக் கஞ்சியை ஒரே தேங்காய்ச் சிரட்டையில் மாறி மாறிக் குடிப்பார்கள். நாடு ஒன்று என்பதற்கு அதுதான் சாட்சி. வேறு சாட்சி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சபைக்குள் தண்டோராக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. வெளியே மதில்மேல் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து சன்னல் வழியாகப் பானை தெரியும், பேச்சு கேட்காது. யார் குடித்தார், யார் முகம் சுளித்தார் என்று பார்த்துத்தான் நாட்டு நிலவரத்தை அடித்துச் சொல்வார்கள். அந்த மதில்மேல் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

மூன்றாம் கரையில் மாசிலாமணி என்றொரு விளக்காளர். அவரும் வேதக்கண் என்ற படகுத் தச்சரும் ஒரே வீட்டில், கணவன் மனைவி போல ஒருவருக்கொருவர் துணையாக வாழ்ந்துவந்தார்கள். ஊருக்குத் தெரியும். சிலருக்குப் பிடிக்கவில்லை, சிலருக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. மாசிலாமணிமேல் ஊரின் நிரந்தரப் புகார், பிரசங்கம் நீளம் என்பதுதான்.

ஒருநாள் துரைப்பழம் என்ற தண்டோராக்காரர் அங்கே வந்து, மீன் அரிந்துகொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தார்.

"உங்க ஊருல பெரிய சண்டையாமே?"

"சண்டையா? கடல் கரையை அரிச்சிக்கிட்டு வருது. கல்லு போட நாதியில்ல. அதை அடிச்சுச் சொல்லுங்க."

"வெளக்காளர் விசயத்துல கோவமே இல்லியா?"

"இப்ப உங்க மேலதான் வருது."

"மூன்றாம் கரை மக்கள் கடுங்கோபம்!" என்று அன்று மாலை தண்டோரா முழங்கியது.

அந்த ஆண்டு சபையில் பெரும்பொழுது கடலரிப்பைப் பற்றியே பேசினார்கள். கடைசியில், கஞ்சி கொதிக்கும் நேரத்தில், மாசிலாமணி விஷயம் வந்தது. தவறு என்றார்கள் சிலர். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் சிலர். அடுத்த சபையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டார்கள்.

பானை வந்தது. ஐந்தாம் கரைப் பெரியவர் ஞானாபரணம் அன்று காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். வாய் நிறையப் பஞ்சு. சிரட்டையைக் கும்பிட்டுவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார். அடுத்தவர் ஏழாம் கரைக்காரர், காலையிலிருந்து பட்டினி. இரண்டு சிரட்டை குடித்தார்.

மதில் அதிர்ந்தது. "ஐந்தாம் கரை கஞ்சியைத் தள்ளியது! ஏழாம் கரை இரண்டுமுறை குடித்துச் சவால்! நாடு இரண்டாகிறது!"

ஞானாபரணம் ஊர் திரும்பியபோது துறையில் கூட்டமும் மாலையும் காத்திருந்தன. "மரபு காத்த மாமலையே!" என்று முழங்கினார்கள். அவர் பஞ்சை எடுத்துவிட்டு, "அது வந்து, பல்லு..." என்று தொடங்கினார். கழுத்தில் இன்னொரு மாலை விழுந்தது. வாயை மூடிக்கொண்டார். ஏழாம் கரைக்காரரை அவர் ஊரார் புதுமையின் விடிவெள்ளி என்று தோளில் தூக்கினார்கள். அவரும் தமக்குப் பசி என்று சொல்லவில்லை. இருவரும் கோழைகள் என்பது என் கருத்து.

தலைமை விளக்காளர் கவலையடைந்து ஆணையிட்டார்: "ஒற்றுமையைக் காக்கும்பொருட்டு, இனி ஒவ்வொரு கரையும் தனித்தனிப் பானையில் குடிக்கக் கடவது." அன்றுமுதல் அடுத்தவன் பானையில் என்ன வேகிறதோ என்று கரைக்குக் கரை சந்தேகம் வந்தது. பிறகு அடுத்த ஆணை: "ஒரு கூரையின்கீழ் வசிக்கும் இரண்டு ஆண்கள், தங்கள் உறவைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டுக." அண்ணன் தம்பி என்று எழுதியவர்களின் வாசலில் தண்டோராக்காரர்கள் நின்று ஜாடை ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஜாடை பொருந்தாத அண்ணன் தம்பிகள் வேறு வீடு தேடினார்கள்.

மாசிலாமணி வீட்டுக்குப் பலகை அதிகாரி வந்தார்.

"உறவு?"

"சேந்து இருக்கோம்யா. ரொம்ப வருசமா."

"அவ்வாறான உறவு ஆணையில் குறிக்கப்படவில்லை. இவரைக் கைவிடலாம், அல்லது விளக்கைக் கைவிடலாம். சபைக்கு இரண்டும் சம்மதமே."

வேதக்கண்தான் முடிவெடுத்தார். "வெளக்கை விட்டா நீரு என்ன செய்வீரு? ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியாது உமக்கு. நான் அஞ்சாங்கரைக்குப் போயி கொஞ்சநாள் தொழில் பாக்கேன். இந்தச் சத்தம் அடங்கட்டும், வந்திருதேன்."

ஐந்தாம் கரை எதிரேதான் இருந்தது. குரல் எட்டாது, தண்டோரா எட்டும், அவ்வளவு தூரம். அவர் போன கொஞ்ச நாளில் மூன்றாவது ஆணை வந்தது: "வெவ்வேறு பானையில் குடிப்போர் ஒரே படகில் ஏறலாகாது. மீண்டும் ஒரே பானையில் குடிக்கும்வரை படகில்லை." பெரியவர்களின் படகுக்கு மட்டும் விலக்கு. கடலரிப்புக்குக் கல் வரவில்லை, காய்ச்சலுக்கு மருந்து வரவில்லை, வேதக்கண் வரவில்லை.

முதல் கரைமேல் யாருக்கும் நம்பிக்கை இல்லாமல் போனதால், அடுத்த சபை மூன்றாம் கரையில் கூடியது. ஒற்றுமைக்குக் கடைசி முயற்சியாக மறுபடி ஒரே பானை வைப்பது என்று முடிவானது. கஞ்சி காய்ச்சியவர் மாசிலாமணி. ஏழு பேரும் குடிக்க வேண்டும், படகு ஓட வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஞானாபரணம் சிரட்டையை வாங்கினார். கடல் தின்ற வீடுகளை வரும் வழியில் பார்த்திருந்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எல்லாரும் குடித்தார்கள். பானையின் அடி தெரிந்தது. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இங்கேயும் மதில்மேல் உட்கார்ந்திருந்த தண்டோராக்காரர்களுக்குக் குழப்பம். எல்லாரும் குடித்தார்கள் என்பதை எப்படித்தான் அடித்துச் சொல்வது? கடைசியில் துரைப்பழம் குச்சியைக் கையில் எடுத்தார்.

"குடிப்பதுபோல் நடித்தார்கள்! உள்ளே நடந்த பேரம் என்ன?"

பொழுது சாய்வதற்குள், நம் பெரியவர் விலைபோய்விட்டார் என்ற பேச்சு ஏழு கரையிலும் பரவியது. படகுகளை யாரும் அவிழ்க்கவில்லை. ஞானாபரணம் மதிலடிக்கு ஓடிவந்து கத்தினார். "அன்னைக்கு எனக்குப் பல்லு வலிய்யா! வேற ஒண்ணுமில்ல! இதை அடிச்சுச் சொல்லும்!"

"இதை யாரு கேப்பா?" என்றார் துரைப்பழம்.

பின்னாலேயே மாசிலாமணி காலிச் சிரட்டையோடு நின்றிருந்தார். "வேதக்கண் கேப்பாரு. அங்க தொறையிலதான் நிப்பாரு. எல்லாரும் குடிச்சாச்சு, வீட்டுக்கு வாரும்னு அக்கரைக்குக் கேக்குற மாதிரி அடிங்கய்யா. ஒரே ஒரு தடவை."

துரைப்பழத்துக்கு மனம் இளகியது. உண்மையாகவே இளகியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். துறைக்குப் போய் அக்கரையைப் பார்த்து நின்று, கை வலிக்க அடித்தார். ஆனால் தொழில் பழக்கம் வாயை விடவில்லை.

"மூன்றாம் கரை விளக்காளர் அக்கரைக்கு இறுதி எச்சரிக்கை!"

ஐந்தாம் கரையில் அன்றே படகுத் துறையின் தூண்களைப் பிடுங்கினார்கள். அங்கே உளிப்பெட்டியோடு நின்றிருந்த ஒருவரை, இங்கே நிற்காதே, வீட்டுக்குப் போ என்று காவலர் விரட்டினார்.

எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்டார்.