ஜீப்பின் பக்கத்து சீட்டு தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடித்துவிட்டு ஐயா என்று போட்டால், தண்ணீர் வரி கட்டச் சொல்லி வரும் கடிதம் மாதிரி இருக்கிறது. நண்பரே என்று போட்டால், இத்தனை வருடம் இல்லாத கொஞ்சல். முன்னாள் சம்பந்தி என்று எழுத நீங்கள் என்ன பதவியா வகித்தீர்கள்? என் மகளும் உங்கள் மகனும் பிரிந்தபோது கோர்ட்டில் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். பெற்றவர்கள் இனிமேல் ஒருவரை ஒருவர் எப்படி அழைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்? யாராவது ஒரு புதுப் பெயர் கண்டுபிடிக்கும்வரை பழையதிலேயே ஓட்டுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், வேறு மாதிரி இருந்தாலும் எனக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள்? இந்தக் கடிதம் முழுக்க முழுக்க ஜீப் சம்பந்தப்பட்டது. நாம் ஓய்வு பெற்ற கையோடு கூட்டாக வாங்கிய வண்டி என்பதால், அதற்கு நேர்ந்த கதியைப் பங்காளிக்குத் தெரியப்படுத்துவது என் கடமை. மற்றபடி வேறு எந்த நோக்கமும் இதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஆற்றோரப் பாதையில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? துருப்பிடித்த தரை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி, விரிப்பெல்லாம் ஊறி, நீங்கள் இரண்டு காலையும் தூக்கி முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு, “இது ஜீப்பா குளியல் தொட்டியா? இந்தத் தரையைச் சரி பண்ணுங்க சம்பந்தி, அப்புறம்தான் இதுல நான் கால் வைப்பேன்” என்று சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். வீடு திரும்பிய மறு வாரமே பிள்ளைகள் விஷயம் வெடித்தது. அதற்கப்புறம் நீங்கள் வரவேயில்லை. வராததற்கு அந்த ஈர விரிப்புதான் காரணம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு காரணம் என்றால் அதைச் சரிசெய்ய என்னால் ஆகாது. தரை என்றால் பூச்சு அடித்தால் போதும்.

அதற்காகத்தான் பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டின்னைத் தூக்கிக் காட்டி, “இது பெட் லைனர் சார். லாரியில சாமான் ஏத்துற இடத்துல பூசுவாங்க. காஞ்சா ரப்பர் மாதிரி ஆயிடும். கல்லைத் தூக்கிப் போட்டாலும் கீறல் விழாது. ஜீப்புக்கு உள்ள பூசிட்டீங்கன்னா, சேறானாலும் சகதியானாலும் ஓஸ் வெச்சு அடிச்சுக் கழுவிடலாம்” என்றார். அந்தக் கடையில் வாடிக்கையாளர் உட்கார ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். முதல் நாள் டின்னை மட்டும் வாங்கினேன். அடுத்த நாள் உருளை பிரஷ். அதற்கடுத்து துரு தேய்க்க உப்புத்தாள், பிறகு டேப், பிறகு கையுறை. “எல்லாத்தையும் ஒரே தடவையா வாங்கிட்டுப் போயிடலாமே சார், எதுக்கு இப்படி அலையறீங்க?” என்று அந்த நல்ல மனிதர் கேட்டார். ஒரே தடவையில் வாங்கிவிட்டால் மறுநாள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு முக்காலியில் போய் உட்காருவது? கையுறையில் ஒன்று சின்னதாக இருக்கிறது என்று சொல்லி அதை மாற்றுவதற்கும் ஒரு தடவை போய்வந்தேன்.

வேலையை ஆரம்பித்தேன். இரண்டு சீட்டையும் கழற்றினேன், விரிப்பைப் பிய்த்தேன். அடியில் உங்கள் மூக்குக்கண்ணாடி கிடந்தது. நான் கண்மண் தெரியாமல் ஓட்டியதால்தான் அது ஆற்றில் விழுந்தது என்று வழி நெடுக என்னை வறுத்தெடுத்தீர்களே, அதே கண்ணாடிதான். இதை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை, ஆனால் விட்டுவிடவும் விரும்பவில்லை. துருவைச் சுரண்டினேன், தேய்த்தேன், துடைத்தேன். பக்கத்து வீட்டு டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, “என்ன சார், ஒரு வாரமா கரகரன்னு சத்தம், ஆளை யாரையாவது அறுக்கறீங்களா?” என்று விசாரித்தார். ஆள் இருந்தால்தானே அறுப்பதற்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சொன்ன பிறகு சிரிப்பு வரவில்லை.

கழற்றிய சீட்டுகளைக் கூடத்தில் டிவிக்கு எதிரே போட்டு வைத்தேன். என் மனைவி இருந்திருந்தால் நான் தெருவில்தான் படுத்திருப்பேன்; இப்போது கேட்பாரில்லை. என் சீட்டில் உட்கார்ந்து செய்தி பார்ப்பேன். ஒரு சாயங்காலம், பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பி, “செய்தி வாசிக்கிறவருக்கு ஜலதோஷம் போல இருக்கே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் பதிலுக்கு வேறு காத்திருந்தேன் சம்பந்தி, அதுதான் வெட்கக்கேடு. எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டேன்.

பூச்சு அடித்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூச்சை இறுக வைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும், கலந்துவிட்டால் அது நமக்காகக் காத்திருக்காது என்று கடைக்காரர் தலைதலையாக அடித்துக்கொண்டார். நான் முழு டின்னிலும் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டேன். கண்ணெதிரே கெட்டியாக ஆரம்பித்தது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வலப்பக்கக் கதவிலிருந்து கொஞ்சம், இடப்பக்கக் கதவிலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றிப் பூசிக்கொண்டே வந்து, கடைசியில் பார்த்தால் நட்ட நடுவில் நான் நிற்கிறேன், நாலு பக்கமும் ஈரம். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். அலைந்து வாங்கிய கையுறையை மாட்ட மறந்ததில் கை இரண்டும் கறுப்பு, மூக்கால் அமுக்கித்தான் எடுத்தேன். “என்னப்பா மூச்சு வாங்குது?” என்றாள். தரைக்குப் பூச்சு அடிக்கிறேன் என்றேன். வீட்டுத் தரை என்று நினைத்துக்கொண்டு, “நல்லது, இப்படி ஏதாவது வேலையில இருங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த வீட்டுலேருந்து யாரும் பேசலையே? பேசினாலும் நீங்க பேச வேணாம்பா” என்றாள். யாரும் பேசலைம்மா என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பொய்யாக இருந்திருந்தால் கொஞ்சம் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். அவள் பட்டதை நான் பார்த்தவன், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவளுக்கு ஒரு வீடு போனபோது எனக்கு ஒரு ஆள் போனது, அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

போனை வைத்ததும் நிலைமை இன்னும் மோசம். நின்ற இடத்திலேயே செருப்பு பிடித்துக்கொண்டது. ஒன்றைப் பிய்த்தேன், இன்னொன்று வரவில்லை, வெறுங்காலோடு உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மிதி மிதித்துக் குதித்து வெளியேறினேன். அந்தச் செருப்பு இப்போது வண்டியின் ஒரு பாகம். உருளை பிரஷ் டின்னுக்குள்ளேயே இறுகி, ஆட்டுரலும் குழவியுமாகத் தோட்டத்தில் நிற்கிறது. ஓரங்களில் ஒட்டிய டேப்பை ஈரத்தோடு உரிக்க வேண்டுமாம், அதையும் மறந்தேன், பாதி டேப் பூச்சுக்குள் சமாதி. கை கறுப்பு இன்னும் போகவில்லை. மருந்துக் கடைப் பெண் மாத்திரையை என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துத் தள்ளுகிறாள்.

இவையெல்லாம்கூடப் போகட்டும். காய்ந்த பிறகு சீட்டை மாட்டப் போனபோதுதான் தலையில் இடி விழுந்தது. பூசுவதற்கு முன்னால் சீட்டு போல்ட் துளைகளை அடைத்து மூட வேண்டும், இல்லையென்றால் பூச்சு உள்ளே இறங்கிவிடும். என் சீட்டுத் துளைகளை மூடியிருந்தேன், அது ஜம்மென்று உட்கார்ந்தது. உங்கள் சீட்டுத் துளைகளை மூடவேயில்லை. ஒன்றைக்கூட மூடவில்லை. யாரும் உட்காராத சீட்டுக்குத் துளை இருக்கிறது என்பதே என் கைக்கு மறந்துபோய்விட்டது. இப்போது அந்தப் பக்கம் ஒரே சீராக, கறுப்பாக, மொழுமொழுவென்று இருக்கிறது. நடுவில் என் கால் தடம் மட்டும் பதிந்திருக்கிறது. ஆணியால் குத்திப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைக்காரரைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் விரலால் தட்டிப் பார்த்து, “கீறல் விழாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். துளை எங்கே என்று கேட்டேன். “விடுங்க சார், பக்கத்துல யார் உட்காரப் போறாங்க? நீங்க ஒருத்தர்தானே” என்றார். மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை அவர். ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நமது ஜீப் இன்று முதல் ஒற்றை ஆள் வண்டி. நீங்கள் இனி அதில் உட்கார வழியில்லை என்பதால், வருவதா வேண்டாமா என்ற தர்மசங்கடமும் உங்களுக்கு இல்லை. என்னைப் பார்க்கவென்று தயவுசெய்து வர வேண்டாம். நான் உங்கள் வாசலில் வந்து நின்றால் உங்கள் மகன் என்ன நினைப்பார், நீங்கள் என் வாசலில் நின்றால் என் மகள் என்ன சொல்வாள்? பிள்ளைகள் வழக்கு முடிந்த அன்று கோர்ட்டு வராந்தாவில் நீங்கள் அந்தப் பக்கத்து பெஞ்சில், நான் இந்தப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் தலைக்கு மேலிருந்த மின்விசிறி ஓடவில்லை, நீங்கள் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தீர்கள். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, காற்றும் வந்தது. இங்க வாங்க என்று சொல்ல நுனி நாக்குவரை வந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள், விழுங்கிவிட்டேன். அதையே இப்போதும் தொடர்வதுதான் எல்லோருக்கும் நல்லது. வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் சரி என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் மகனுக்கு என் ஆசிகள், அவர் வாங்கிக்கொள்வதாக இருந்தால். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட வேண்டாம். குளிர் காற்றில் கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்ளவும். சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்று தெரியும், நானும் ஒரு தடவை சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஜீப்பின் மறுபாதி உரிமையாளன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். வண்டிக்கு அடியில் உருண்டுபோன திருப்புளியை எடுக்கப் படுத்தவன், மேலே பார்த்தேன். கீழிருந்து பார்த்தால் நாலு துளையும் அப்படியே தெரிகின்றன சம்பந்தி! இத்தனை நாள் நான் மேலேயே தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். துளைக்கருவியால் கீழிருந்து குடைந்தேன், பூச்சுத் தூளெல்லாம் கண்ணில் கொட்டியது, உங்கள் சீட்டு மாட்டியாகிவிட்டது. கொஞ்சம் ஆடும், ஆனால் விழாது. ஆகையால் மேலே நான் எழுதிய எதுவும் செல்லாது. இதைத் தபாலிலும் போடவில்லை. இப்போது உங்கள் வீட்டு எதிரில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் மகன் என்னைப் பார்த்துவிட்டார். நான் வண்டியைக் கிளப்பிவிடத்தான் பார்த்தேன், அதற்குள் ஓடி வந்துவிட்டார். “உள்ள வாங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்டார், எனக்குத்தான் கால் எழவில்லை. “அப்பா சரியா சாப்பிடறதே இல்ல, எங்கேயாவது கூட்டிட்டுப் போங்களேன்” என்றார். நான் எழுதி முடிக்கட்டும் என்று கதவருகிலேயே நிற்கிறார், இதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன், அது என் பாடு. படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாருங்கள். பூச்சு வாசனை இன்னும் போகவில்லை, அதனால் உங்கள் பக்கத்துக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.