இரஞ்சிதம் கப்பலேற மறுப்பது தொடர்பாக

கிரவீன், சிட்னி
சனிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் பாலேந்திரா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தேவராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முதலில் உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் இரஞ்சிதம் தினமும் காலையில் உங்களோடு வட்ஸ்அப்பில் கதைத்துவிட்டு, உங்கள் பிரஷர் எத்தனை, டயலிசிஸ் முடிந்து வந்து என்ன சாப்பிட்டீர்கள், மருமகள் அதில் உப்பைக் குறைத்தாளா என்பதையெல்லாம் எனக்கு ஒப்புவித்துவிடுவதால், என் சுகத்தைவிட உங்கள் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம்.

இந்தக் கடிதத்தை வென்ட்வேர்த்வில் நூலகத்தில் ஒரு மூலைக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயம் இல்லை. எங்கள் வீட்டில் எந்த அறைக்குள் நின்று கதைத்தாலும் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் இரஞ்சிதத்துக்குக் கேட்கும். மகள் நிரூபாவிடம் சொல்லி மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் அவள் பிறந்த நாளில் இருந்து தாயின் கட்சி. ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்துக்கு மன்னிக்கவும்.

விடயம் இதுதான். செப்டெம்பரில் நாங்கள் கனடாவுக்கு வருவது உங்களுக்குத் தெரியும். எப்படி வருகிறோம் என்பது தெரிந்திருக்காது, ஏனென்றால் இரஞ்சிதம் அதை உங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் கப்பலில் வருகிறோம். இங்கிலாந்தில் சவுதாம்ப்டனில் ஏறி, ஏழு இரவு அத்திலாந்திக் கடலைக் கடந்து, நியூயோர்க்கில் இறங்கி, அங்கிருந்து டொராண்டோவுக்கு வருவதாக ஏற்பாடு. சாதாரணக் கப்பல் இல்லை மச்சான். பன்னிரண்டு மாடி. உள்ளே நீச்சல் தடாகம், நாடக அரங்கு, நூலகம் எல்லாம் உண்டு. மூன்று நேரச் சாப்பாட்டுக்கு நடுவிலே இன்னும் இரண்டு நேரச் சாப்பாடு.

எனக்கு ஏன் இந்த வயதில் இந்த ஆசை என்று கேட்பீர்கள். நான் இருபத்தொரு வயதில் வேலைக்குச் சேர்ந்தது கொழும்புத் துறைமுகத்தில். மூன்று வருடம் கப்பல்களின் கடதாசிகளுக்கு முத்திரை குத்தினேன். ஒன்றிலேனும் கால் வைத்ததில்லை. பிறகு எண்பத்து மூன்று கலவரம் வந்தது, வேலையும் போனது, ஊரும் போனது, கடைசியில் செவன் ஹில்ஸில் தண்ணீர்ப் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் கழிந்தது. ஓய்வு பெற்ற அன்று நிரூபா எங்கள் இருவரையும் இருத்திவைத்து ஆளுக்கொரு ஆசை சொல்லச் சொன்னாள். நான் யோசிக்காமல் "கப்பல்" என்றேன். இரஞ்சிதம் யோசிக்காமல் "அண்ணாவைப் பாக்கவேணும்" என்றாள். பிள்ளை கெட்டிக்காரி. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிட்டாள்.

அன்று முதல் இரஞ்சிதம் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் வாய் திறந்தாள்.

"உந்தக் கப்பல்ல நான் ஏற மாட்டன்" என்றாள்.

"அப்ப பிளேனில வாறியோ?"

"தனியப் பிளேனிலயும் போகமாட்டன்."

"அப்ப அண்ணாவை எப்பிடிப் பாக்கிறது?"

அவள் வெங்காயம் வெட்டினாள்.

காரணத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எண்பத்து மூன்றில் கொழும்பில் இருந்து காங்கேசன்துறைக்கு அகதிகளை ஏற்றி வந்த சாமான் கப்பலில் அவளோடு நீங்களும் இருந்தீர்கள். நான் அவளைக் கட்டியது அதற்கு நான்கு வருடம் கழித்து. அந்தக் கப்பலைப் பற்றி அவள் எனக்குச் சொன்னது மொத்தமாக மூன்று வசனம். நீங்கள் உங்கள் சாரத்தை அவளுக்குப் போர்க்கத் தந்தீர்கள், தண்ணீர் கிடைக்கவில்லை, கரை தெரியவில்லை. அவ்வளவுதான். சிட்னிக்கு வந்து முப்பத்தாறு வருடம், இங்கே கடலைச் சுற்றித்தான் நகரமே இருக்கிறது, ஒருநாளும் ஒரு படகில் ஏறியதில்லை. மச்சான், அவளை விட்டுவிட்டு நான் மட்டும் கப்பலில் போய் ஐந்து நேரம் சாப்பிடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இதை அவளுக்குச் சொன்னால் நம்பமாட்டாள், உங்களுக்குச் சொல்கிறேன். கப்பலை விட்டுவிட்டு இரண்டு பேருமாகப் பிளேனில் போவோம் என்றாலும், உங்கட ஆசையை நான் கெடுக்கமாட்டன் என்று அதற்கும் மறுக்கிறாள்.

பழக்கினால் பயம் தெளியும் என்று நினைத்துப் போன மாதம் அவளைச் சேர்குலர் கீ படகுத்துறைக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து மான்லிக்குப் படகு போகும், அரை மணித்தியாலம்தான். டிக்கெட் வாசல்வரை வந்தாள். அங்கே ஒரு நீட்டு மர வாங்கைக் கண்டதும் அதில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதில இருக்கிறன்" என்று என் தொப்பியையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முன்மாதிரியாக இருக்கட்டுமே என்று நான் தனியே போனேன். துறைமுகத்தின் வாய்க்கு வந்ததும் வெளிக்கடல் அலை பக்கவாட்டில் அடித்தது. காலையில் சாப்பிட்ட இடியப்பம் மான்லியைக் காணவில்லை. திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அரை மணித்தியாலக் கடலுக்கே இந்தக் கதி என்றால் ஏழு இரவுக்கு என்ன ஆகும் என்று அவள் கண் கேட்டது. முன்மாதிரி இப்படி முடிந்தது.

அடுத்தது சோற்றுப் பிரச்சினை. கப்பலில் ஏழு நாளும் வெள்ளைக்காரச் சாப்பாடு என்று பயப்படுகிறாளோ என்று எண்ணி, சின்ன ரைஸ் குக்கர் ஒன்று வாங்கினேன். கப்பல் கம்பனியின் விதிகளில் அறைக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் வாள், துப்பாக்கி, ரைஸ் குக்கர் என்று ஒரே வரிசையில் இருக்கிறது. இரஞ்சிதம் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "சோறு சமைக்கிறவையைக் கொலைகாரரோட சேர்த்துப் போட்டிருக்கிறாங்கள், உதிலயோ என்னை ஏறச் சொல்லுறியள்?" என்றாள். குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான் முழுப் பொறுப்பு. கோவிலில் பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது, கப்பலில் பொதிக்கு நிறைக் கட்டுப்பாடு இல்லை, விரும்பின அளவு கொண்டுபோகலாம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த வரிசையில் கனடாவில் சொந்தக்காரர் இல்லாதவர் ஐயர் மட்டும்தான் போலிருக்கிறது. மறுநாள் தொடக்கம் வீட்டு மணி ஓயவில்லை. மிளகாய்த்தூள் வந்தது, ஒடியல் மா வந்தது, பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு ஆல்பங்கள் வந்தன. பெண்டில் ஹில்லில் இருந்து யோகா, தன் டொராண்டோச் சம்பந்திக்கு என்று அம்மியும் குழவியும் கொண்டுவந்து இறக்கினார்.

"பதினொரு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன் அண்ணை, பிளேனில போற ஒருத்தரும் கொண்டுபோகினம் இல்லை" என்றார்.

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. காராஜில் கார் விட இடமில்லாமல் போனபின் நிரூபா வந்து பார்த்தாள். "அப்பா, ஷிப்பில லிமிட் இல்லை, சரி. பட் ஷிப்பைப் பிடிக்க லண்டனுக்கு பிளேன்லதானே போறீங்கள்?" என்றாள். மச்சான், அறுபத்தேழு வயது, துறைமுகத்தில் வேலை பார்த்த அனுபவம், அந்த வரிசையில் நின்ற முப்பது பேரின் மூளை, எல்லாம் சேர்ந்தும் இதை யோசிக்கவில்லை. அம்மி இப்போதும் காராஜில்தான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் இரஞ்சிதம் சற்றே இறங்கி வந்தாள். நல்ல நாளாக இருந்தால் யோசிக்கலாம் என்றாள். உடனே ஐயரிடம் ஓடினேன். கப்பல் சவுதாம்ப்டனில் இருந்து வெளிக்கிடுவது செப்டெம்பர் பதினெட்டு. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நாங்கள் கப்பலில் ஏறும் நேரமோ, கப்பல் கயிறு அவிழ்க்கும் நேரமோ என்று கேட்டார். இரண்டையும் சொன்னேன். இங்கிலாந்து நேரத்துக்குக் கணக்குப் பார்த்து, இரண்டு நேரத்திலும் அட்டமி நிற்கிறது, போதாததற்கு இரஞ்சிதத்தின் இராசிக்கு அது ஆகாத நாள் என்றார். "ஒரு கிழமை தள்ளுங்கோ. இருபத்தஞ்சு திறமான நாள்" என்றார்.

கப்பல் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். நாற்பது நிமிடம் பியானோ கேட்கவிட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தாள். இருபத்தைந்தாம் திகதிக்கு மாற்ற முடியுமா என்றேன். முடியும் என்றாள். அதே கப்பலா என்றேன். அதே கப்பல்தான் என்றாள். அதே அறையா என்றேன். அதிர்ஷ்டவசமாக அதே அறையே இருக்கிறது என்றாள். பிறகு நிபந்தனைகளை மூச்சு விடாமல் வாசித்தாள், எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னேன். ஒன்பது பக்கத்தில் உறுதிப் பத்திரம் வந்தது. பழைய முத்திரைக் கிளார்க் என்ற முறையில் முதற்பக்கத்தில் பெயரையும் திகதியையும் சரிபார்த்து, கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்திவிட்டேன். விமான டிக்கெட் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அதை நிரூபா நாளைக்கு வந்து போட்டுத் தருவாள்.

நல்ல நாளும் கிடைத்துவிட்டது என்று இரஞ்சிதத்திடம் சொன்னபோது "யோசிக்கலாம் எண்டுதானே சொன்னனான், வாறன் எண்டு சொன்னனானோ?" என்றாள்.

ஆகவே மச்சான், என் கையில் இனி ஒன்றும் இல்லை. நான் சொன்னால் கேட்கமாட்டாள், பிள்ளை சொன்னால் சிரிப்பாள், ஐயர் சொன்னதையும் தட்டிவிட்டாள். நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பாள். கப்பலில் ஏறு, ஒன்றும் நடக்காது என்று ஒருமுறை தொலைபேசியில் சொல்லுங்கள். நான் எழுதிக் கேட்டதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் விமானம் ஏறி இங்கு வர வைத்தியர் விடமாட்டார். உங்களை அவள் நேரில் கண்டு பத்தொன்பது வருடம் ஆகிறது. அவள் இந்தக் கப்பலில் ஏறாவிட்டால் இந்த வருடமும் இல்லை, அடுத்த வருடத்தைப் பற்றி நம் வயதில் யார் பேசுவது.

அக்காவுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். நல்லூரான் உங்கள் பக்கத்திலேயே நிற்பான்.

தங்கள் அன்பு மைத்துனன்,
சி. தேவராஜா

பி.கு.: மறுநாள் எழுதுவது. நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும், முத்திரை வாங்க மறந்துவிட்டேன். நல்லதாய்ப் போயிற்று.

இன்று நிரூபா விமான டிக்கெட் போட வந்தாள். உறுதிப் பத்திரத்தைக் கேட்டாள், கோப்பைத் திறந்து கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "அப்பா, இது நியூயோர்க்கில இருந்து சவுதாம்ப்டனுக்கு" என்றாள்.

விளங்கப்படுத்தினாள். அந்தக் கப்பல் ஒரு கிழமை நியூயோர்க்குக்குப் போகும், மறு கிழமை சவுதாம்ப்டனுக்குத் திரும்பும். பதினெட்டாம் திகதி சவுதாம்ப்டனில் நிற்பது இருபத்தைந்தாம் திகதி நியூயோர்க்கில் நிற்கும். ஐயர் சொன்ன நல்ல நாளுக்காக ஒரு கிழமை தள்ளியபோது நான் திசையையும் சேர்த்துத் திருப்பிவிட்டேன். அந்தப் பெண்பிள்ளை பொய் சொல்லவில்லை. அதே கப்பல், அதே அறை. எதிர்ப்பக்கம் போகிறது, அவ்வளவுதான். ஐயர் கணித்த நேரமும் இங்கிலாந்து நேரம், அதுவும் பயனில்லை. இனி மாற்றவும் முடியாதாம், பதினெட்டாம் திகதிக் கப்பல் நிரம்பிவிட்டது. ஆகவே முதலில் விமானத்தில் நேரே டொராண்டோ, உங்கள் வீட்டில் மூன்று கிழமை, பிறகுதான் நியூயோர்க், பிறகுதான் கப்பல்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். இரஞ்சிதம் குசினியில் இருந்து கை துடைத்தபடி வந்தாள்.

"அப்ப அண்ணாவை முதல் பாக்கிறமோ?"

"ஓம்."

"பாத்தாப் பிறகுதான் கப்பலோ?"

"ஓம்."

"அப்ப சரி, நான் வாறன்" என்றாள். "அண்டைக்கு அந்தச் சாமான் கப்பல்ல ஊருக்குப் போய்ச் சேருவமோ எண்டு ரெண்டு நாளும் பயந்து செத்தனான். அண்ணாவைக் கண்ணால பாத்திட்டன் எண்டால் பிறகு உங்கட கப்பல் எங்க போனால் எனக்கென்ன."

சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்து சூட்கேசை இழுத்து எடுத்துவிட்டாள். இவ்வளவு காலமும் அவள் கடலுக்குப் பயந்தாள் என்றுதான் நினைத்தேன். அதற்கில்லை மச்சான். உங்களிடம் வந்து சேராமல் போய்விடுவாளோ என்றுதான் பயந்திருக்கிறாள்.

ஆகவே மேலே ஆறு பக்கத்தில் எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். திரும்ப எழுத என் கைக்குத் தெம்பில்லை, அப்படியே அனுப்புகிறேன். அவளுக்குத் தொலைபேசி எடுத்து ஒன்றும் சொல்லவும் வேண்டாம். செப்டெம்பர் மூன்றாம் திகதி வருகிறோம். நீங்கள் விமான நிலையத்துக்கு வரத் தேவையில்லை, வீட்டில் இருந்தால் போதும். அதுவரை ஒரு டயலிசிஸ்கூடத் தவறவிடாதீர்கள்.