காளானுக்குக் கவிழ்த்த டம்ளர்கள்

தாவரவியல் பட்டதாரியின் புல்தரையில் காளான் முளைப்பது, காவல் அதிகாரியின் வீட்டில் திருடன் புகுவதற்குச் சமம். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே புல்தரை உள்ள வீடு என்னுடையது ஒன்றுதான். அதைப் பற்றி நான் யாரிடமும் பெருமை பேசியதில்லை (கேட்டவர்களிடம் தவிர, கேட்காதவர்களைக் கேட்க வைத்ததும் உண்டு).

என் மகளைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த ஞாயிறு காலை, இரவு பெய்த மழையில் புல்தரையெங்கும் காளான் (இங்கே கூண் என்பார்கள்) குடை விரித்திருந்தது. பிடுங்கி எறிந்தால் போதும் என்றாள் மகள். பிடுங்கினால் அதன் வித்துத்தூள் பறந்து பரவும், மூடி வைப்பதே அறிவியல் என்று நான் விளக்கினேன்.

"அப்பா, வர்றவா புல்லைப் பாக்க வரலை. என்னைப் பாக்க வரா."

மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் அடுக்கியிருந்தன. காளானுக்கென்றே அளவெடுத்துச் செய்தவைபோல் அவை பொருந்தின. அத்தனையையும் கவிழ்த்தேன். வெயிலில் மின்னியபோது, பார்ப்பவர்கள் தோட்ட விளக்கு என்று கருதுவார்கள் எனத் திருப்தியடைந்தேன் (அப்படிக் கருதக்கூடியவன் உலகில் நான் ஒருவன்தான்).

விருந்தினர் வந்து அமர்ந்தனர். புல் வளர்ப்பு குறித்து என் உரை தொடங்கியது. காப்பி மணம் வந்தது, காப்பி வரவில்லை. மனைவி வந்து நின்றாள்.

"ஏன்னா, ஆத்துல ஒரு டம்ளர்கூட இல்லையே. எங்கே போச்சு?"

பிள்ளையின் தாயார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "வெளியிலே கவுத்து வெச்சிருக்கே, அதுவா?"

தப்ப வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். ஒரு டம்ளரைத் தூக்கினேன். காளானும் அதனுள்ளேயே வந்துவிட்டது. அடியில் தட்டினேன். அது பிள்ளையின் தந்தையார் காலடியில் போய் விழுந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வரன் கைவிட்டுப் போயிற்று என்றே எண்ணினேன். அப்போது அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்:

"உங்காத்துல கூணுக்கும் காப்பி உண்டோ, மாமா?"

முதலில் சிரித்தவன் பிள்ளை. அடுத்து என் மகள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து அடக்க முயன்று, சேர்ந்தே தோற்றபோது, சம்பந்தம் நிச்சயமாகிவிட்டதை உணர்ந்தேன். அன்று பக்கத்து வீட்டுக் கண்ணாடிக் கிளாஸ்களில் காப்பி குடித்தோம்.

இப்போது பேரனும் பிறந்தாயிற்று. அன்றைக்கே அந்த டம்ளர்களைப் புளி போட்டுத் தேய்த்து, கொதிக்கும் நீரில் முக்கியெடுத்துவிட்டாள் மனைவி. ஆனாலும் என் சம்பந்தி இங்கு வரும்போதெல்லாம், காப்பி வருகிறது என்றதும், பேச்சை நிறுத்தாமலே பையிலிருந்து தன் சொந்த டம்ளரை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைக்கிறார்.